பிலேகஹள்ளியில் ஒரு கல் தோட்டம்

அமெரிக்காவின் ஒமாஹாவில் பிறந்து டெல்லியில் வேர் விட்டவர் ஜோசப் ஆலன் ஸ்டீன். பெங்களூரில் அவர் பெயர் அதிகம் பேசப்படுவதில்லை. அவர் பெயரை முதலில் தாங்கிய நிறுவனம் எழுப்பிய ஐ.ஐ.எம். வளாகமோ இந்நகரின் பெருமைகளில் ஒன்று.

ஓசூர் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டுவதுதான் பெங்களூரின் நுழைவுத் தேர்வு. அதில் தேறி, பன்னேர்கட்டா சாலையில் தெற்கே திரும்பினால் அடுத்த தேர்வு காத்திருக்கிறது. மெட்ரோ தூண்கள், ஷாப்பிங் மால்கள், மென்பொருள் அலுவலகங்கள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் அடுக்குமாடிகள், ஹாரனையே பிரேக்காக நம்பும் ஆட்டோக்கள். பிலேகஹள்ளி வரும்போது பயணிக்கு ஒரே ஒரு எண்ணம்தான் மிஞ்சியிருக்கும்: தோட்ட நகரம் என்று சொன்னார்களே, அந்தத் தோட்டம் எங்கே?

அங்கேதான் ஒரு மதில் சுவருக்கு அப்பால் இருக்கிறது, 100 ஏக்கரில். இந்திய மேலாண்மைக் கழகம். சுருக்கமாக ஐ.ஐ.எம். அனுமதி வாங்கி உள்ளே போய்ச் சில நிமிடங்கள் நடந்தால் சாலையின் இரைச்சல் மெல்ல அடங்கிவிடும். பெரிய முகப்பு, தூண் வரிசை, படிக்கட்டு, கொடிமரம் என்று அரசு நிறுவனத்தின் வழக்கமான மிடுக்கு எதுவும் கண்ணில் படுவதில்லை. கட்டடம் எங்கே தொடங்குகிறது என்பதே முதலில் புரிவதில்லை. மரங்களுக்கு இடையில் சாம்பல் நிறக் கருங்கல் சுவர் ஒன்று தெரிகிறது. அதைத் தொடர்ந்து போனால் ஒரு தாழ்வாரம். அது ஒரு முற்றத்தில் போய் முடிகிறது. முற்றத்தின் மறுமுனையில் இன்னொரு தாழ்வாரம்.

இந்தத் தாழ்வாரங்கள்தான் வளாகத்தின் உயிர். சில இடங்களில் மூன்று மாடி உயரம். சில இடங்களில் கூரை உண்டு. சில இடங்களில் கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்குகிறது. பல இடங்களில் கூரையே கிடையாது. வானத்துக்கும் தரைக்கும் நடுவே வரிசையாகக் கான்கிரீட் விட்டங்கள் மட்டும் பந்தல் போட்டதுபோல ஓடுகின்றன. அவற்றில் கொடிகள் படர்ந்திருக்கின்றன. காலை வெயிலில் விட்டங்களின் நிழல் தரையில் கோலமாக விழும். மதியத்துக்குள் அந்தக் கோலம் இடம் மாறியிருக்கும். மழை வந்தால் நடைபாதையிலும் பெய்யும். வகுப்புக்கு அவசரமாகப் போகிறவர் இதைக் குறையாகச் சொல்லலாம். ஆனால் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கும் ஊரில், வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வெளியே இருப்பதே சுகம். அதைத் தெரிந்துகொண்டுதான் கட்டியிருக்கிறார்கள்.

மதுரைக்காரருக்கு இங்கே ஒரு பழகிய உணர்வு தட்டும். மீனாட்சி கோயிலில் கிழக்குக் கோபுரத்தில் நுழைந்தவர் சன்னதிக்கு நேராகவா போகிறார்? மண்டபம், குளம், பிராகாரம் என்று வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வர, வழியில் நாலு பேரைப் பார்த்து, தூணோரம் கொஞ்சம் உட்கார்ந்து, பிறகுதான் போய்ச் சேருகிறார். அக்பரின் ஃபதேபூர் சிக்ரியும் தென்னாட்டுக் கோயில்களும் இந்த வளாகத்துக்குப் பின்னால் இருக்கின்றன என்பதை இதை வடிவமைத்த பாலகிருஷ்ண தோஷியே சொல்லியிருக்கிறார். படிப்பு வகுப்பறையில் மட்டும் நடப்பதில்லை, போகிற வழியிலும் நடக்கிறது என்பது அவர் கட்சி. அதனால் போகிற வழியை வகுப்பறையைவிடப் பெரிதாகக் கட்டிவிட்டார்.

தோஷி 1927இல் புனேயில் பிறந்தவர். 1950களின் தொடக்கத்தில் பாரிஸில் லெ கார்பூசியேயிடம் வேலை கற்றவர். கட்டடக்கலையின் நோபல் என்று சொல்லப்படும் பிரிட்ஸ்கர் பரிசை 2018இல் வாங்கினார். அதை வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். 2023 ஜனவரியில் மறைந்தார். எனவே பெங்களூர் வளாகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தோஷி என்ற பெயரோடு நிறுத்திக்கொள்வது இயல்புதான். ஆனால் 1977இல் இந்த வேலை தொடங்கியபோது நிறுவனத்தின் பெயர் ஸ்டீன், தோஷி அண்ட் பல்லா. கோடு போட்டது தோஷியின் கை. பெயர்ப் பலகையில் முதலில் இருந்தது ஓர் அமெரிக்கரின் பெயர். அப்போது அவருக்கு வயது 65. இந்தியாவுக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

தென்னாட்டுக்கு வெளிநாட்டுக் கட்டடக்கலைஞர்கள் புதியவர்கள் அல்லர். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பிய ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர் 1939இல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்தார். பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் அவர் கட்டிய கட்டடங்கள் உண்டு. பாண்டிச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை அதே காலகட்டத்தில் வடிவமைத்தவர் செக் நாட்டில் பிறந்து அமெரிக்கரான அன்டோனின் ரேமண்ட். அங்கேயே தங்கி வேலையைப் பார்த்துக்கொண்டவர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான ஜார்ஜ் நாகஷிமா. இவர்களெல்லாம் வந்தார்கள், கட்டினார்கள், போனார்கள். ஸ்டீன் போகவில்லை. வந்து சுமார் அரை நூற்றாண்டு இந்தியாவில் வேலை செய்தார். அதுதான் வித்தியாசம்.

அவர் ஏன் வந்தார் என்பது தனிக் கதை. 1912இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் பிறந்த ஸ்டீன், இலினாய் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, க்ரான்ப்ரூக் கலைப் பள்ளியில் எலியல் சாரினெனிடம் பயின்றார். கலிபோர்னியாவில் ரிச்சர்ட் நியூட்ராவிடம் வேலை பார்த்தார். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே சுவர் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு சான்பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுக் குடியிருப்புத் திட்டம் உருவானது. லடேரா என்று பெயர். பேராசிரியர்கள், தச்சர்கள், எழுத்தாளர்கள் எல்லாம் சேர்ந்து 260 ஏக்கர் நிலம் வாங்கி, 400 வீடுகள் கட்டத் திட்டமிட்டார்கள். ஜான் ஃபங்கும் ஸ்டீனும் வீடுகளுக்கு வரைந்தார்கள். காரெட் எக்போ தோட்டங்களுக்கு வரைந்தார்.

முதலில் சேர்ந்த 150 குடும்பங்களில் மூன்று கறுப்பர் குடும்பங்கள். சிக்கல் அங்கே வந்தது. வீட்டுக் கடனுக்கு அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதித் துறை உத்தரவாதம் தந்தால்தான் வங்கி பணம் தரும். கறுப்பர்கள் உறுப்பினராக இருக்கும் சங்கத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்றது துறை. சங்கம் தடுமாறியது. மாநில மக்கள்தொகையில் கறுப்பர்களின் விகிதம் எவ்வளவோ அதற்கு மேல் சேர்ப்பதில்லை என்று 1948 ஜனவரியில் ஒரு சமரசத் தீர்மானம் போட்டார்கள். ஆதரவு 78, எதிர்ப்பு 75. அரசு அதையும் ஏற்கவில்லை. கடைசியில் 1950இல் சங்கம் நிலத்தைத் தனியாருக்கு விற்றது. புதிய முதலாளிக்கு அரசின் உத்தரவாதம் கிடைத்தது. கறுப்பர்களுக்கு வீடு விற்பதில்லை என்ற நிபந்தனையோடு.

மூன்று குடும்பங்களுக்காக ஓர் ஊரே பிறக்காமல் போனது. போதாக்குறைக்கு கம்யூனிஸ்டு வேட்டை என்ற பெயரில் மெக்கார்த்தி காலத்துக் கெடுபிடிகள் வேறு. அந்தக் காற்றை சுவாசித்துக்கொண்டிருக்க ஸ்டீனுக்குப் பிடிக்கவில்லை. 1952இல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிப்பூர் வங்காளப் பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலைத் துறையின் தலைவராக வந்து சேர்ந்தார். இந்தியாவிலும் யாரை எங்கே குடிவைப்பது என்பதில் ஊருக்கு ஒரு தெரு, தெருவுக்கு ஒரு சாதி என்ற கணக்கு இருந்ததை அவர் சீக்கிரமே பார்த்திருப்பார். ஆனால் புதிதாக ஒன்றைக் கட்டிப் பார்க்கலாம் என்ற தெம்பு அந்த நேருவின் காலத்தில் இருந்தது. 1950களின் நடுவில் டெல்லிக்கு மாறினார்.

டெல்லியில் அவர் கட்டியவற்றில் முக்கியமான பல லோதி தோட்டத்தைச் சுற்றிச் சுற்றியே வரும். 1962 ஜனவரியில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த இந்தியா இன்டர்நேஷனல் சென்டர், பக்கத்திலேயே ஃபோர்டு அறக்கட்டளையின் அலுவலகம், பின்னால் 1993இல் இந்தியா ஹாபிடட் சென்டர். எதுவும் மரத்தைவிட அதிகம் சத்தம் போடாது. தோட்டத்தையே 1968இல் சீரமைக்கும் வேலை வந்தபோது ஸ்டீன் துணைக்கு அழைத்தது யாரைத் தெரியுமா? அதே காரெட் எக்போவை. லடேராவில் போட முடியாத தோட்டத்தை இருவரும் லோதி சுல்தான்களின் கல்லறைகளுக்கு நடுவே போட்டார்கள். அந்தப் பகுதியையே டெல்லிக்காரர்கள் வேடிக்கையாக ‘ஸ்டீனாபாத்’ என்பார்கள். 1992இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு சாலைக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. கட்டடக்கலைஞரின் பெயரில் இந்தியாவில் சாலை இருப்பது அபூர்வம். கட்டடத் திறப்பு விழாவில் அவர்களை மேடையேற்றுவதே அபூர்வம்.

அகமதாபாத்தில் தோஷி, டெல்லியில் ஸ்டீனும் ஜே.ஆர். பல்லாவும். இப்படி இரண்டு ஊர்களில் உட்கார்ந்திருந்த மூவரின் கூட்டு நிறுவனம் பெங்களூரில் ஒரு வளாகம் கட்டியது. கழகம் 1973இல் தொடங்கியபோது லாங்ஃபோர்டு சாலையில் இயங்கிவந்தது. அதன் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி. நிர்வாக இயல் பேராசிரியராக இருந்தும், இந்தியாவின் மாட்டு வண்டிகளை மேம்படுத்த வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியதால் ‘கார்ட்மேன்’ என்று பெயர் வாங்கியவர். கர்நாடக அரசு தந்த 100 ஏக்கர் அப்போது நகரத்துக்கு வெளியே இருந்தது. இன்று நகரம் அதைத் தாண்டிப் பல மைல் தூரம் போய்விட்டது.

ஐ.ஐ.எம். என்றால் கட்டடக்கலை உலகுக்கு முதலில் ஞாபகம் வருவது அகமதாபாத். அதைக் கட்டியவரும் அமெரிக்கர்தான்: எஸ்டோனியாவில் பிறந்து பிலடெல்பியாவில் வளர்ந்த லூயி கான். 1962இல் அவரை இந்தியாவுக்கு அழைத்து வந்ததில் தோஷிக்கு முக்கியப் பங்கு உண்டு. பூசாத செங்கல், பிரம்மாண்டமான வட்டத் திறப்புகள், கோட்டை போன்ற கம்பீரம். 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து திரும்பிய கான், நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார். பாஸ்போர்ட்டில் முகவரி அடிக்கப்பட்டிருந்ததால் உடல் இரண்டு நாள் கேட்பாரற்றுக் கிடந்தது. மூன்று வருடம் கழித்து அடுத்த ஐ.ஐ.எம். வேலை கைக்கு வந்தபோது தோஷிக்கு எளிய வழி ஒன்று இருந்தது: குருவைப் போலவே செங்கல்லில் வளைவு போடுவது. அவர் அதைச் செய்யவில்லை. பெங்களூரில் காலுக்கடியில் இருப்பது கருங்கல். லால்பாக்கில் பூமியின் மிகப் பழைய பாறைகளில் ஒன்று, சுமார் 300 கோடி வருடம் வயதானது, குன்றாகவே நிற்கிறது. விதான சௌதா எழுந்ததும் கருங்கல்லில்தான். அந்தக் கல்லையே, வழவழப்பாக்காமல், உடைத்த முகத்தோடு அடுக்கிச் சுவராக்கினார். விதான சௌதாவில் கல் ராஜாவைப் போல நிற்கிறது. பிலேகஹள்ளியில் அதே கல் தோட்டக்காரனைப் போல நிற்கிறது.

ஸ்டீன் டெல்லியில் இருபது வருடத்துக்கும் மேலாகச் செய்துகொண்டிருந்தது இதைத்தான். உள்ளூர்க் கல், குறைந்த உயரம், சுவரைத் துளைத்து வரும் பச்சை. ஒருவர் கலிபோர்னியா வழியாக வந்தார், மற்றவர் ஃபதேபூர் சிக்ரி வழியாக வந்தார். வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். சரியாகச் சொன்னால் பெங்களூர் வளாகம் டெல்லிக் கட்டடங்களைவிட ஒரு படி மேல். ஸ்டீனின் டெல்லி மையங்கள் உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் கனவான்களின் நிதானத்தோடு நிற்கும். இங்கே இருபத்தைந்து வயதுப் பையன்களும் பெண்களும் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், தாழ்வாரத் திண்ணையில் லேப்டாப்போடு சண்டை போடுகிறார்கள். தோஷியின் தாழ்வாரங்கள் அதைத் தாங்குகின்றன. 2009இல் வந்த ‘3 இடியட்ஸ்’ இந்திப் படத்தின் பொறியியல் கல்லூரி இதுதான். தமிழில் ‘நண்பன்’ எடுத்தபோது ஷங்கர் டேராடூனின் வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போய்விட்டார். பக்கத்து மாநிலத்தில் இருந்ததைத் தமிழ் ரசிகர்கள் தமிழில் பார்க்காமல் போனது அப்படித்தான்.

இவ்வளவு புகழ் பெற்ற கட்டடத்துக்கு ஆபத்து வருமா என்று கேட்கலாம். அகமதாபாத்தைக் கேட்டால் தெரியும். 2020 டிசம்பரில், கான் கட்டிய 18 விடுதிகளில் 14ஐ இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாக அந்த நிர்வாகம் அறிவித்தது. செங்கல் உதிர்கிறது, ஈரம் இறங்குகிறது, 2001 பூகம்பத்தில் விரிசல் விட்டது என்று காரணம் சொன்னார்கள். உலகெங்கிலுமிருந்து கண்டனம் வர, 2021 ஜனவரி முதல் தேதியே திட்டம் கைவிடப்பட்டது. 2022 நவம்பரில் மறுபடியும் பழைய பல்லவி: சில கட்டடங்களைச் சீரமைக்க முடியாது, திருப்பிக் கட்டத்தான் வேண்டும் என்று. காரணங்கள் பொய்யல்ல. அந்த விடுதிகளில் தூங்குவது மாணவர்கள். தலையில் செங்கல் விழுந்தால் கலை வரலாறு காப்பாற்றாது. ஆனால் அதே வளாகத்தின் நூலகத்தை பிருந்தா சோமயாவின் நிறுவனம் சீரமைத்து 2019இல் யுனெஸ்கோ விருது வாங்கியதும் உண்மைதான்.

டெல்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவால் 1972இல் கட்டிய ஹால் ஆஃப் நேஷன்ஸுக்கு அந்த அவகாசம்கூடக் கிடைக்கவில்லை. 2017 ஏப்ரலில் ஒரே இரவில் இடித்துத் தள்ளினார்கள். காரணம் எளிது. மத்தியச் சட்டம் நூறு வருடம் ஆனால்தான் ஒன்றைப் புராதனச் சின்னமாக ஏற்கிறது. டெல்லியின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அறுபது வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்றது. சோழர் கோயிலுக்குக் காவலாள் உண்டு, வெள்ளைக்காரன் கட்டிய கலெக்டர் பங்களாவுக்குக் குழு உண்டு. சுதந்திர இந்தியா தனக்காகக் கட்டிக்கொண்டதற்கு எதுவும் இல்லை. இந்தக் கணக்கில் பிலேகஹள்ளி வளாகம் நூறைத் தொட இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் வேண்டும். அதுவரை அதைக் காப்பது நிர்வாகத்தின் நல்ல புத்தியும், செங்கல்லைப் போலச் சீக்கிரம் உதிராத கருங்கல்லும்தான்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கிடையில் தோட்டம் பெங்களூரில் மறுபடி நாகரிகமாகிவிட்டது. 2022 நவம்பரில் திறக்கப்பட்ட கெம்பேகவுடா விமான நிலையத்தின் இரண்டாவது முனையமும் அமெரிக்கக் கைவண்ணம்தான். ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் என்ற பெரிய நிறுவனம் வடிவமைத்தது. ஆண்டுக்கு இரண்டரை கோடிப் பயணிகளுக்கான இடம். பெயரே ‘தோட்டத்துக்குள் ஒரு முனையம்’. கூரையில் மூங்கில், மேலிருந்து தொங்கும் செடிகள், நடுவே அருவி. 2023இல் யுனெஸ்கோவோடு இணைந்து தரப்படும் ப்ரி வெர்சாய் பரிசில் உள் அலங்காரத்துக்கான சிறப்பு விருது. அழகாகவே இருக்கிறது, குழந்தைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பெட்டியை மறந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் செடிகளுக்கு ஆள் வைத்துத் தண்ணீர் விட வேண்டும். அங்கே தோட்டத்தைக் கட்டடத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். பிலேகஹள்ளியில் கட்டடம் தோட்டத்துக்குள் போயிருக்கிறது. விமான நிலையத்துக்கும் அதற்கும் நடுவே நகரின் முழு நீளமும், போக்குவரத்து நெரிசலைப் பொறுத்து இரண்டு மணி நேரமும் இருக்கின்றன.

ஸ்டீன் 2001இல் அமெரிக்காவுக்குத் திரும்பியிருந்த நிலையில் வட கரோலினாவின் ராலே நகரில் 89 வயதில் இறந்தார். லடேராவில் அவர் வரைந்த 400 வீடுகளின் கனவு காகிதத்தில் நின்றது. அவர் பெயரோடு இந்தியாவில் எழுந்தவை நிற்கின்றன. பெங்களூர் வளாகத்தில் விட்டங்களைப் பிடித்து ஏறிய கொடிகள் இப்போது சில இடங்களில் விட்டத்தையே மறைத்துவிட்டன. ஜூன் மாதம் மழை இறங்கும்போது தாழ்வாரத்தில் நடக்கிறவர்கள் குடை பிடிக்கிறார்கள். சுவர்களுக்கு மட்டும் யாரும் இன்னும் வெள்ளையடிக்க வேண்டியிருக்கவில்லை.